தோல் ஸ்டீரிங்: தேய்வது எது, புதுப்பிப்பது எப்படி

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு எங்கள் பக்கம் சொல்லும் ஒரு யோசனை உண்டு: "மீட்டரைப் பாக்காத, ஸ்டேரிங்கைப் பாரு." கிலோமீட்டர் காட்டும் மீட்டரைத் திருத்திவிடலாம்; ஒரு கை எத்தனை ஆயிரம் தடவை பிடித்துத் திருப்பியது என்பதை ஸ்டீரிங் மறைக்காது என்று பொருள். ஓரளவு உண்மைதான். தோல் சுற்றிய ஸ்டீரிங்கில் கை வைக்கும் இடம் மட்டும் முதலில் பளபளக்கும். அப்புறம் கறுப்பு போய்ச் சாம்பல் நிறமாகும். கடைசியில் சொரசொரவென்று நார் தெரியும்.

அப்படித் தேய்ந்த ஸ்டீரிங்கை வீட்டிலேயே சரிசெய்வது பற்றியது இந்தக் குறிப்பு. ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டுக் காரில் இதைச் செய்து முடித்த பிறகு விசாரிக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆளாளுக்கு வாயால் சொல்வதைவிடக் காரணத்தோடு எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. பெரும்பாலும் எல்லாரும் கேட்பது "என்ன தடவணும்?" என்றுதான். முதலில் கேட்க வேண்டியது "எது தேஞ்சிருக்கு?" என்பது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் எதைத் தடவலாம், எதைத் தடவக் கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில், அது தோல்தானா?

நம் ஊரில் ஓடும் கார்களில் மூன்று வகை ஸ்டீரிங் உண்டு. ஒன்று, பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பொருளில் வார்த்தது. விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இதுதான். தையல் இருக்காது, தோல் மாதிரி கோடுகள் அச்சில் பதிந்திருக்கும். இரண்டாவது, ரெக்சின் வகை செயற்கைத் தோல். தையல் இருக்கும், ஆனால் பழசானால் ஏடு ஏடாக உரியும். உரிந்த இடத்தில் துணி தெரியும். மூன்றாவதுதான் உண்மையான தோல்.

கண்டுபிடிக்க எளிய வழி, தேய்ந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது. உண்மைத் தோல் தேய்ந்தால் உள்ளிருந்து பஞ்சு போல நார் எழும்பும். அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு கறுக்கும். ரெக்சினிலும் பாலியூரித்தேனிலும் தண்ணீர் முத்தாக நிற்கும். ஒரே வளையத்தில் பக்கவாட்டில் தோலும் மேலும் கீழும் பிளாஸ்டிக்குமாக வரும் மாடல்களும் உண்டு. அதனால் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம்.

இனி சொல்வதெல்லாம் உண்மைத் தோலுக்கு மட்டும். உரிந்த ரெக்சின் மேல் என்ன பூசினாலும் அது உரிவது நிற்காது. வார்ப்பு ஸ்டீரிங் பிசுபிசுத்துப் போனால் அது வேறு நோய், மருந்தும் வேறு.

தோலுக்கு மேல் ஒரு பூச்சு

தோல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது செருப்பும் கமலைக்கு இறைக்கும் பறியும்தான். அவை ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களில் பதனிட்டவை. திண்டுக்கல்லும் திருச்சியும் வேலூர்ப் பக்கமும் இந்தப் பட்டைத் தோலுக்குப் பேர் போனவை. இங்கிருந்து கப்பலேறிய அந்தத் தோலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்றே பெயர். அத்தகைய தோல் திறந்த மேனியாக இருக்கும். எண்ணெய் தடவினால் குடிக்கும், காய்ந்தால் மறுபடி தடவலாம். நம் தாத்தா காலத்து அனுபவம் முழுக்க இந்தத் தோலைப் பற்றியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்குக் குரோம் உப்பில் பதனிடும் முறை வந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அதை இங்கே பரப்ப முயன்றவர். பல்லாவரம் பக்கம் நடந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. பச்சைத் தோலின் நார் கொலாஜன் என்ற புரதம். ஈரத்தில் 60, 65 டிகிரி சூட்டிலேயே அது சுருங்கிவிடும். குரோமில் பதனிட்டது கொதிக்கும் தண்ணீரைத் தாங்கும். பதம் சரியா என்று பார்க்க ஒரு துண்டை வெந்நீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பது தோல் தொழிற்சாலைகளில் பழைய வழக்கம். கார்களுக்கு வரும் தோல் பெரும்பாலும் குரோமிலோ, குரோம் கலக்காத வேறு ரசாயனங்களிலோ பதனிட்டது.

ஆனால் நம் விஷயத்தில் முக்கியமானது பதனிட்ட பிறகு நடப்பது. கார் தோலை அப்படியே விடுவதில்லை. நிறமி கலந்த பிசின் பூச்சு, அதற்கு மேல் நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு என்று அடுக்கடுக்காகப் பூசி மூடிவிடுகிறார்கள். எல்லா அடுக்கையும் சேர்த்தாலும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுகூட வருவது அபூர்வம். நாம் தொட்டுத் திருப்பிக்கொண்டிருப்பது இந்தப் பூச்சைத்தான். தோல் அதற்குக் கீழே இருக்கிறது.

ஸ்டீரிங் 'தேஞ்சு போச்சு' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் போயிருப்பது இந்தப் பூச்சுதான். சாம்பலாகத் தெரிவது, பூச்சு போன இடத்தில் எட்டிப் பார்க்கும் தோல். அந்தக் கட்டத்திலேயே கவனித்தால் அடியில் உள்ள தோல் நன்றாகவே இருக்கும். போன பூச்சைத் திரும்பப் போட்டால் போதும். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் வெள்ளையடிக்கிறோம், செங்கல்லை மாற்றுவதில்லையே.

எதனால் போகிறது?

முதல் காரணம் வியர்வை. அதில் உப்பும் லேசான அமிலமும் இருக்கின்றன. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. ஆனால் முகத்தையும் தலையையும் தொட்ட கையில் எண்ணெய் வந்து சேர்கிறது. இந்தக் கலவை பூச்சை மெதுவாக இளக்குகிறது. மேலே மோதிரம் உரசுகிறது, நகம் கீறுகிறது.

இரண்டாவது வெயில். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கோடையில் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஸ்டீரிங்கின் சூடு சராசரியாக 53 டிகிரி செல்சியஸ். டாஷ்போர்டு 69 டிகிரி. சித்திரை வெயிலில் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஸ்டீரிங்கைத் தொட்டவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. தினமும் சூடாகி விரிந்து, ராத்திரியில் குளிர்ந்து சுருங்கும்போது பூச்சு நெகிழ்வை இழந்து நுண்ணிய வெடிப்பு விடும்.

மூன்றாவது சானிடைசர். 2020-க்குப் பிறகு இது சேர்ந்துகொண்டது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையில் 80 சதவீத எத்தனால், இல்லையென்றால் 75 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கை காயும் முன்னே ஸ்டீரிங்கைப் பிடித்தால் அந்த ஆல்கஹால் பூச்சையும் இளக்கும்.

நான்காவது நம் பள்ளத்தாக்குக்கே உரியது. திராட்சைத் தோட்டத்தில் சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பலுக்கும் ஓயாமல் மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. அடிச்சாம்பலுக்கு அடிக்கிற பழைய மருந்து போர்டோக் கலவை. 1 சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு. சுண்ணாம்பு காரம். பதனிட்ட தோல் லேசான அமில நிலையில் இருப்பது. தோல் தொழிற்சாலையில் பச்சைத் தோலிலிருந்து முடியை இளக்கி, நாரை ஊதவைக்க முதலில் போடுவதே சுண்ணாம்புதான். கலவை கலக்கின கையைத் துணியில் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தால் கொஞ்சம் காரம் ஸ்டீரிங்குக்கும் போகிறது. பூச்சு முழுசாக இருக்கும்வரை பெரிய பாதகமில்லை. வெடிப்பு விட்ட பிறகு அது தோலையே தொடுகிறது. துணி சோப்பும் சலவைத் தூளும் அப்படித்தான், அவையும் காரம்.

எண்ணெய் ஏன் கூடாது?

"தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவுனா போதும்லண்ணே?" என்று கேட்காதவர்கள் குறைவு. தடவினால் கறுக்கும் என்பது உண்மை. ஈரமான தோல் எப்படிக் கருமையாகத் தெரியுமோ அதே காரணம்தான். பூச்சு திரும்ப வந்துவிடாது. பூச்சு உள்ள இடத்தில் எண்ணெய் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். பூச்சு போன இடத்தில் நாருக்குள் இறங்கி, பின்னால் எந்தப் பூச்சையும் ஒட்டவிடாது. டாஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கோன் பாலிஷ் இன்னும் மோசம். அதன் மேல் நிறம் பூசினால் வாழையிலையில் தண்ணீர் ஓடுவது போல விலகிக் குழிகுழியாக நிற்கும். ஷூ பாலிஷ் மெழுகு வகை. இரண்டு நாளில் கைக்கும் வெள்ளை வேட்டிக்கும் வந்துவிடும்.

இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்டது. அதைவிடப் பெரிய விஷயம் பிடி. ஸ்டீரிங்கைத் திருப்பும் விசை கையிலிருந்து வளையத்துக்குப் போவது உராய்வு மூலமாக மட்டும்தான். உராய்வு பாதியானால் அதே திருப்பத்துக்கு இரண்டு மடங்கு இறுக்கிப் பிடிக்க வேண்டும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போதோ, கம்பம்மெட்டில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப் எதிரே இறங்கும்போதோ, கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து உடனே நேராக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் உள்ளங்கை வழுக்கக் கூடாது. எண்ணெயோ பளபளப்புப் பாலிஷோ தடவிய ஸ்டீரிங் சமதளத்தில் ஒன்றும் சொல்லாது, மலையில்தான் சொல்லும். கடையில் விற்கும் மாட்டுகிற உறைகளிலும் அளவு சரியில்லாமல் லொடலொடவென்று இருப்பது இதே ஆபத்து. கை உறையைத் திருப்பும், உறை வளையத்தைத் திருப்பாது.

ஆகவே நாம் போடப் போகும் பூச்சுக்கு இரண்டு தகுதி வேண்டும். கையில் ஒட்டி வரக் கூடாது, வழுக்கக் கூடாது.

தொடங்கும் முன்

ஸ்டீரிங்கைக் கழற்றினால் வேலை சுலபம் என்று சொல்வார்கள். கழற்றாதீர்கள். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிதாக விற்கும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய பல மாடல்களிலும் இருக்கிறது. ஹாரன் அழுத்தும் நடுமூடிக்குக் கீழே அது மடித்து வைக்கப்பட்டிருக்கும். மோதலின்போது கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது அது. பயிற்சி இல்லாத கை அங்கே போகக் கூடாது. அந்த நடுமூடியில் நிறமும் பூச வேண்டாம், உப்புத்தாளும் போட வேண்டாம். உள்பக்கம் கிழிவதற்கென்றே மெலிதாக வைத்த கோடு இருக்கும். அது இருந்தபடி இருக்கட்டும். ஸ்டீரிங்கை வண்டியிலேயே வைத்து, மற்ற பகுதியை மாஸ்கிங் டேப்பும் பாலிதீனும் கொண்டு மூடிவிட்டு வேலை செய்யலாம். சாவியை எடுத்துவிட்டு லேசாகத் திருப்பினால் ஸ்டீரிங் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும், தேய்க்க வசதி.

அடுத்து, காலம். நம்ம பக்கம் ஆடிக் காற்றைச் சொல்லவே வேண்டாம், அம்மியே பறக்கும் என்பார்கள். தோட்டத்து மண் முழுக்க ஈரப் பூச்சில் வந்து உட்காரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் அதிகம். தண்ணீரில் கரைந்த பூச்சு காயாது. தை முதல் பங்குனி வரை, காலை எட்டு மணிக்கு மேல், கூரையுள்ள இடத்தில், வெயில் நேராக விழாமல் வைத்துச் செய்வது உத்தமம்.

பொருள்கள்: 600, 1000, 1500 நம்பர் உப்புத்தாள். கார் பெயிண்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், செல்போன் பழுது பார்க்கிறவர்கள் வைத்திருப்பது. குழந்தைகளுக்கான மிதமான ஷாம்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், வெள்ளைப் பருத்தித் துணி, மெல்லிய ஸ்பாஞ்சு, கையுறை. முக்கியமான நான்கு பொருள்கள்: தோலுக்கான பைண்டர், தோல் நிரப்பி, தண்ணீரில் கரையும் தோல் நிறமி, மேட் வகை மேல்பூச்சு. இந்த நான்கையும் ஒரே தொகுப்பாக ஆன்லைனில் வாங்கலாம். சுவர்ப் பெயிண்டோ டின் ஸ்பிரேயோ கார் பாடிக்கு அடிக்கும் பெயிண்டோ இதற்கு ஆகாது. அவை காய்ந்தபின் விறைத்துவிடும்; தோல் வளையும்போது கூடவே வளையாமல் வெடிக்கும்.

எவ்வளவு வாங்குவது? ஸ்டீரிங்கின் குறுக்களவு 37 சென்டிமீட்டர் என்று வைத்தால் சுற்றளவு சுமார் 116. வளையத்தின் பருமனைச் சுற்றி நூல் வைத்து அளந்தால் 9, 10 சென்டிமீட்டர் வரும். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர சென்டிமீட்டர். இரண்டு ஏ4 தாளைவிடக் குறைவு. ஒரு கோட்டுக்கு 5, 6 மில்லி போதும். ஐந்து கோட்டுக்கு 30 மில்லி. 50 மில்லி பாட்டில் வாங்கினால் மிச்சமே இருக்கும்.

வேலை

ஒன்று, அழுக்கு நீக்கம். பாதி வேலை இதுதான். ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து நுரையை மட்டும் பிரஷ்ஷில் எடுத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தண்ணீரை ஊற்றக் கூடாது. பொத்தான்களும் வயர்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். எங்கள் வண்டியில் நான்கு தடவை ஆனது. பிறகு நன்றாகக் காயவிட வேண்டும்.

இரண்டு, எண்ணெய் எடுப்பது. வெள்ளைத் துணியில் ஆல்கஹாலை நனைத்துப் பிழிந்து வேகமாகத் துடைக்க வேண்டும். ஊற வைக்கக் கூடாது. பழைய பூச்சும் கொஞ்சம் துணியில் வரும், பயப்பட வேண்டாம். முன்னால் சிலிக்கோன் பாலிஷ் போட்ட வண்டியானால் இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் வேண்டாம். அவை தோலுக்குள் இருக்கும் கொழுப்பையும் சேர்த்து இழுத்துவிடும். காய்ந்தபின் தோல் விறைக்கும்.

மூன்று, உப்புத்தாள். 600 நம்பரை விரலில் சுற்றி, அழுத்தாமல், தேய்ந்த இடத்தின் ஓரங்களில் ஓட்ட வேண்டும். பழைய பூச்சு இருக்கும் இடத்துக்கும் போன இடத்துக்கும் நடுவே படி மாதிரி ஓர் ஓரம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் அந்தப் படி தெரியக் கூடாது; அதுதான் அளவு. அப்புறம் 1000 நம்பரில் முழு வளையத்தையும் லேசாகத் தேய்த்தால் பளபளப்பு போய், புதுப் பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும். தையல் நூல் மேல் உப்புத்தாள் படவே கூடாது. நூல் அறுந்தால் தோல் வாயைப் பிளந்துவிடும்.

நான்கு, பைண்டர். பூச்சு போன இடத்தில் நிற்கும் நாரைப் படிய வைத்துக் கட்டும் மெல்லிய பிசின் இது. ஸ்பாஞ்சில் தொட்டு இரண்டு மூன்று கோட்டு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. காய்ந்ததும் 1500 நம்பரில் ஒரு தடவல்.

ஐந்து, வெடிப்பு இருந்தால் நிரப்பி. தையல் விட்ட இடத்துக்கும் கிழிசலுக்கும் இது அல்ல. மயிரிழை வெடிப்புக்கு மட்டும். பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தில் எடுத்து, வெடிப்புக்குள் அழுத்தி, மிச்சத்தை வழித்துவிட வேண்டும். கனமாக ஒரே தடவையில் போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும்; பிறகு அமுங்கும். மெலிதாகப் பலமுறை போட வேண்டும்.

ஆறு, நிறம். ஸ்பாஞ்சில் மிகக் கொஞ்சம் எடுத்து, ஒற்றி ஒற்றிப் பூச வேண்டும். முதல் கோட்டு திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும். அதை மறைக்க இரண்டாவதைக் கனமாகப் போடத் தோன்றும், போடாதீர்கள். மூன்றாவது கோட்டில் நிறம் ஒன்றுபடும். நான்கு, ஐந்து கோட்டில் முடியும். இடையில் கால் மணி நேரம் காய வேண்டும். தலை உலர்த்தும் டிரையரை மிதமான சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடிக்கலாம். நூல் வேறு நிறத்தில் இருந்தால் அதன் ஓரத்துக்கு மெல்லிய ஓவிய பிரஷ். கார் கறுப்பு பெரும்பாலும் சுத்தக் கறுப்பு அல்ல, கொஞ்சம் சாம்பல் கலந்தது. கைபடாத மறைவான இடத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, கலந்துகொள்வது நல்லது.

ஏழு, மேல்பூச்சு. மேட் வகைதான் வேண்டும். பளபளப்பு வகை வழுக்கும், வெயிலில் கண்ணையும் கூசும். இதுவும் மெலிதாக மூன்று நான்கு கோட்டு. சில மேல்பூச்சில் இறுகுவதற்கு இன்னொரு திரவத்தைச் சில சொட்டுக் கலக்கச் சொல்லியிருப்பார்கள். அதனால் பூச்சு பலமாகும், ஆனால் அந்தத் திரவம் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாதது. கையுறை போட்டு, கதவு நான்கையும் திறந்து வைத்து, குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிச் செய்ய வேண்டும். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாமல், பழந்துணியில் ஊற்றிக் காயவைத்துக் குப்பையில் போடலாம். இங்கே ஓடும் எந்தச் சாக்கடையும் கடைசியில் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும்தான் போகிறது.

பைண்டர்வரை ஒரு காலை, நிறமும் மேல்பூச்சும் இன்னொரு காலை என்று பிரித்துக்கொண்டால் அவசரம் இருக்காது. முடித்து ஒரு நாள் வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும், ஆனால் உள்ளுக்குள் இறுகி முடிய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் சானிடைசர், ஈரத் துணி, மாட்டுகிற உறை எதுவும் வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பது

தோல் தொழிற்சாலைகளில் நிறத்தின் உறுதியைப் பார்க்க, கம்பளி ஒட்டுத்துணியை உலர்வாகவும் ஈரமாகவும் வைத்து, குறித்த தடவை தேய்த்துப் பார்ப்பார்கள். சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இதற்கென்று இயந்திரமே உண்டு. வீட்டில் வெள்ளைத் துணி போதும். ஒரு வாரம் கழித்து உலர்ந்த துணியால் இருபது தடவை, ஈரத் துணியால் இருபது தடவை ஒரே இடத்தில் தேய்க்க வேண்டும். கறுப்பு வந்தால் மேல்பூச்சு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் இரண்டு கோட்டு.

அடுத்தது பிடிச் சோதனை. வண்டியை மைதானம் மாதிரி வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டி, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடிக்க வேண்டும். பிறகு உள்ளங்கையை லேசாக நனைத்துக்கொண்டு அதையே செய்ய வேண்டும். வளையத்தின் மேல் கை நகர்கிறது என்றால் மலைப்பாதைக்கு அந்த வண்டி தயாரில்லை. 1500 நம்பர் உப்புத்தாளில் லேசாக மங்க வைத்து, மேட் பூச்சை மறுபடி மெலிதாகப் போட்டால் சரியாகும்.

எப்போது இது வேண்டாம்?

தோல் கிழிந்திருந்தால், தையல் அவிழ்ந்து விலகியிருந்தால், அமுக்கும்போது தோல் அடியிலுள்ள நுரையை விட்டுக் கழன்று நகர்ந்தால் பூச்சு போட்டுப் பயனில்லை. அங்கே போனது தோலும் கட்டுமானமும். சீட் கவர் தைக்கிறவர்களிடம் கொடுத்து, புதுத் தோல் சுற்றிக் கையால் தைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் ஏர்பேக்கைக் கழற்றாமல் வண்டியிலேயே வைத்துத் தைக்கிறவரைத் தேடுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதை முறையாகக் கழற்றத் தெரிந்த பட்டறை வேண்டும்.

நன்றாகச் செய்த பூச்சும் காலத்துக்கும் நிற்காது. ஆலையில் போடுவது போலச் சூட்டில் இறுக்கிய பூச்சு இல்லையே இது. ஆனால் மாதம் ஒரு தடவை தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வெயிலில் நிறுத்தும்போது ஒரு துண்டைப் போட்டு மூடி, தோட்டத்திலிருந்து வந்தால் கையைக் கழுவிவிட்டு ஏறினால் ஆயுள் கூடும். எங்கேயாவது பளபளக்க ஆரம்பித்தால் நிறம் போகும்வரை காத்திருக்காமல் துடைத்து, மேல்பூச்சு மட்டும் ஒரு கோட்டு போட்டுவிடலாம். அது அரை மணி நேர வேலை.

கடைசியாக ஒரு வார்த்தை. இப்படிப் புதுப்பித்த வண்டியை விற்கும்போது, வாங்குகிறவரிடம் ஸ்டீரிங்குக்குப் புதுப் பூச்சு போட்டிருப்பதைச் சொல்லிவிட வேண்டும். "ஸ்டேரிங்கைப் பாரு" என்ற யோசனையை நம்பி வருகிறவர்களுக்கு நம் வேலை ஒரு பொய்ச் சாட்சி ஆகிவிடக் கூடாது. அதுபோலவே, வாங்கப் போகும் இடத்தில் ஸ்டீரிங் மட்டும் புத்தம் புதுசாக மின்னினால், கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரையும், ஓட்டுநர் சீட்டின் கதவோர விளிம்பையும், கியர் பிடியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நாலும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.